ஒரு கிலோ லென்ஸ்

அத்தியாயம் 17

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு போனோடு நிறுத்தியிருந்தோம். பேசியவர் அம்சவேணி அம்மாள். முப்பது வருஷம் தலைமை ஆசிரியையாக இருந்தவர். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றிருக்கிறார், குரலுக்கு இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

“எம் பொண்ணு அனுவோட முகூர்த்தச் சேலைங்க அது. கோர்வைன்னு சொல்லி வித்தீங்க. வெவரம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டுனேன், இது கோர்வையே இல்லைன்னுட்டாங்க. புதன்கிழமை நாலு மணிக்கு வீடியோவுல வாரேன். உங்க தறியில நெய்யறதை லைவ்வா காட்டுங்க. பழைய வீடியோவை ஓட்டி ஏமாத்தக் கூடாது. எங் கண்ணுக்குத் தெரியலீன்னா, கல்யாணச் சேலை குரூப்புல பதினோராயிரம் பேரு இருக்கறாங்க. அத்தனை பேருக்கும் சொல்லிப்போடுவேன்.”

இன்று புதன்கிழமை.

கோர்வை என்றால் என்னவென்று காஞ்சிபுரத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று என்று தனித்தனியாக ஓட்டி, இரண்டு நூலும் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று மாட்டிவிட்டு நெய்ய வேண்டும். ஒரு ஆளால் ஆகாது, தறிக்கு இரண்டு பேர் வேண்டும். அந்தச் சேர்மானம் ஒரு பல்வரிசை மாதிரி தெரியும். தொட்டுப் பார்த்தால் விரலுக்குத் தெரியும், கிட்டப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு போன் திரையில் பார்த்தால்? அங்கேதான் வம்பு.

ஜெயப்ரியா இந்த வீட்டுச் சின்ன மருமகள். நெசவாளர் வீட்டுப் பெண் இல்லை, கல்யாணமாகி வந்த பிறகுதான் தறியையே பக்கத்தில் பார்த்தாள். ஆனால் கேமராவைப் பிடித்தால் கை நடுங்காது. இரண்டு வருஷமாக இந்த வீட்டுச் சேலைகளைத் தானே வீடியோ எடுத்து, தானே பேசி விற்கிறாள். ஒவ்வொரு வீடியோவையும் “கோர்வைக்கு நான் கேரண்டிங்க” என்றுதான் முடிப்பாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் முகம் தெரியாத பெண்கள் தங்கள் வீட்டுக் கல்யாணச் சேலையை அவளிடம் சொல்லி வாங்குகிறார்கள். இன்று நாலு மணிக்கு அந்த வார்த்தை நிலைத்து நிற்க வேண்டும்.

அவள் புருஷனுக்கு அண்ணன், வீட்டுக்குப் பெரியவர் சபாபதி, தன் பங்குக்குக் கெடு வைத்துவிட்டார்.

“இன்னிக்கி அந்தம்மாவுக்கு காட்ட முடியலன்னா, வீடியோ கீடியோ எல்லாம் மூட்ட கட்டி வெச்சுடலாம்மா. பழையபடி கடைக்கே போட்டுடலாம். எங்க வூட்டு தறிய பொய்யின்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டது இல்ல.”

வாயில் அப்படி வந்ததே தவிர, மனுஷர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. நேற்று தன் தம்பியான ஜெயப்ரியாவின் புருஷன் கதிர்வேலைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கே போய், சின்ன மருமகளுக்காக ஒரு லென்ஸ் வாங்கி வந்தார். எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

“கடக்காரன் நாலு எடுத்து வெச்சான். ஒண்ணு ஒண்ணா தூக்கிப் பாத்தேன். மத்ததெல்லாம் தக்கையா இருக்குது. இதான் சரக்கு.”

அதோடு விட்டாரா? வீட்டுக்கு வந்ததும் ஜரிகை நிறுக்கும் தராசில் லென்ஸை வைத்தார். ஆயிரத்து நாற்பது கிராம்.

“பாத்தியாம்மா? ஒரு கிலோவுக்கு மேல.”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பட்டு வாங்கினாலும் எடை, ஜரிகை வாங்கினாலும் எடை, நெய்து இறக்கிய சேலைக்கும் எடை. முப்பத்தைந்து வருஷமாகக் கனத்தை வைத்தே சரக்கை அறிந்த கை அது. இந்தத் தெருவில் வேறு யார் போயிருந்தாலும் இதே லென்ஸைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள்.

காலை ஒன்பது மணி. சபாபதி தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் கரை நாடா தள்ள அவர் மனைவி மஹாலட்சுமி. தறியில் மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. தறியில் ஏற்றிய ஒரு பாவு நூலில் மூன்று சேலை வரும். முதலாவது சென்னைக்குப் போனது, இரண்டாவது அம்சவேணி அம்மாளுக்கு. மூன்றாவது இது, பாதி ஆகியிருந்தது. இரண்டாவது சேலை தறியிலிருந்து இறங்கியபோது ஜெயப்ரியாவே மடியில் போட்டுப் படம் எடுத்தாள். அதில் கோர்வை இருந்தது என்று அவளுக்கு நூற்றுக்கு நூறு தெரியும். காட்டத்தான் வேண்டும்.

ஒரு கிலோ லென்ஸைக் கேமராவில் மாட்டினாள். முதலில் மஹாலட்சுமி பக்கம் திருப்பினாள். அடேயப்பா! மூக்குத்தி பளிச்சென்று நிற்க, பின்னாலிருந்த சுவர், காலண்டர், குடை எல்லாம் வெண்ணெயாகக் கரைந்து போயின.

“அக்கா, சினிமாக்காரி மாதிரி இருக்கறீங்க.”

“போடி, தல கூட வாரல” என்றாலும் மஹாலட்சுமி ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு துணிப் பக்கம் திருப்பினாள். லென்ஸுக்குள் மோட்டார் முன்னே ஓடிற்று, பின்னே ஓடிற்று, கடைசியில் கைவிட்டுவிட்டது. திரையில் மஞ்சளும் அரக்குமாக ஒரே கலங்கல். ஓரடி பின்னால் போனாள், அப்போதும் கலங்கல். இன்னும் போனாள், முதுகு சுவரில் இடித்தது. அங்கிருந்துதான் துணி தெளிந்தது. தெளிந்து என்ன பிரயோஜனம்? திரையில் ஒரு சாணுக்கும் அதிகமாகத் துணி விரிந்து கிடந்தது. அதில் கோர்வை என்பது மஞ்சளுக்கும் அரக்குக்கும் நடுவே ஒரு கோடு, அவ்வளவுதான்.

“இன்னாம்மா, புதுசாச்சே, கை பழகல போல” என்றார் சபாபதி.

“கை பழகிடுச்சு மாமா. லென்ஸுதான் கிட்ட வர மாட்டேங்குது.”

பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். கடையில் யாரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஜெயப்ரியா தறிக்கட்டையில் சாய்ந்து நின்று வரி வரியாகப் படித்தாள்.

“மேல பெருசா போட்டிருக்கறது ரெண்டு நம்பர் மாமா. எண்பத்தஞ்சு. அது எட்டத்துல இருக்கறத எவ்ளோ இழுத்துக் காட்டும்னு சொல்லுது. அப்பறம் ஒண்ணு புள்ளி நாலு. கண்ணு எவ்ளோ அகலமா தொறக்கும்னு சொல்லுது. நம்பர் சின்னதானா தொறப்பு பெருசு. இந்த கண்ணுக்கு பெரிய பெரிய கண்ணாடி வெச்சிருக்கறான், அதான் இவ்ளோ கனம்.”

“அப்ப நல்லதுதான?”

“நல்லதுதான். ஆனா நமக்கு வேண்டியது கீழ பொடி எழுத்துல இருக்குது. ‘கிட்ட வரக்கூடிய தூரம், 0.85 மீட்டர்.’ கிட்டத்தட்ட மூணடி. அதுக்கு இந்தாண்ட வந்தா இதுக்குக் கண்ணு தெரியாது. அடுத்த வரி, உருப்பெருக்கம் 0.12. ஒரு சென்டிமீட்டர் துணி கேமராவுக்குள்ள வெறும் ஒண்ணேகால் மில்லிமீட்டரா விழும். கோர்வைல ஒரு பல்லு எவ்ளோ இருக்கும்?”

சபாபதி துணியைப் பார்த்தார். ஒரு பல் என்பது நூல் கனம்தானே.

“அப்ப நான் வாங்கினது தப்பா?” குரல் சற்றே ஏறிற்று.

கதிர்வேல் மூலையில் நின்று பாவு நூலைத் தடவிக்கொண்டிருந்தான். பெரியவரை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல அந்த வீட்டில் பழக்கம் இல்லை. இருந்தாலும் ஜெயப்ரியா சொல்லித்தான் ஆக வேண்டும், மணி ஒன்பதரை ஆகிறது.

“தப்பு இல்ல மாமா. பொண்ணு முகத்த எடுக்க இத மிஞ்சின லென்ஸ் இல்ல, அக்காவ பாத்தீங்க இல்ல? அந்த வேலைக்கு நானே வெச்சுக்கறேன். கோர்வைக்கு இது ஆகாது. பட்டுக்கு எடை கேக்கற மாதிரி, இதுக்கு ரெண்டே கேள்விதான் கேக்கணும். எவ்ளோ கிட்ட வரும், எவ்ளோ பெருசா காட்டும். அது ரெண்டையும் கேட்டு நான் இன்னொண்ணு எடுத்துக்கினு வரேன்.”

கதிர்வேல் அப்போதுதான் வாயைத் திறந்தான். “எதுக்கு ஜெயா இவ்ளோ கஷ்டம்? அந்த சேலைய திருப்பி வாங்கிக்கலாமே. வேற நெய்ஞ்சு குடுத்துட்டா முடிஞ்சிது.”

“இன்னாடா பேசற!” சபாபதி தறிக்குழியிலிருந்து எழுந்தே விட்டார். “திருப்பி வாங்கினா பொய்யின்னு நாமே ஒத்துக்கினதா ஆவாதா? கோர்வை போட்ட கை இது. நீ போயிட்டு வாம்மா, சீக்கிரம் வா.”

பெரியவர் வாயிலிருந்து ‘போயிட்டு வா’ வந்துவிட்டது. ஜெயப்ரியா வண்டிச் சாவியை எடுத்தாள்.

ஷாரோன் செவிலிமேட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். கல்யாண வீடியோவுக்கு இந்தப் பக்கத்தில் அவள்தான். ஜெயப்ரியாவுக்குக் காலேஜ் தோழி. கேமரா கம்பெனி ஒன்றே என்பதால் ஒருத்தி லென்ஸ் இன்னொருத்தி கேமராவில் உட்காரும்.

“கிட்டத்துல வெச்சு எடுக்கற மேக்ரோவா? இந்தா, எடுத்துக்கினு போ.” ஒரு ஜூம் லென்ஸை எடுத்து நீட்டினாள் ஷாரோன். அதன் கழுத்தில் ‘மேக்ரோ’ என்று மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தது. “போன மாசம்தான் வாங்கினேன். ஆட்டோஃபோகஸ் சும்மா பறக்கும்.”

ஜெயப்ரியா வாங்கவில்லை. போனில் அந்த லென்ஸின் விவரத்தைத் தேடிப் பார்த்தாள்.

“0.24தான்டி. நாலுல ஒரு பங்குதான் வரும்.”

“மேக்ரோன்னு அவனே எழுதி இருக்கறானே.”

“எழுதினா ஆச்சா? நம்பர் சொல்லட்டும். எனக்கு ஒண்ணுக்கு ஒண்ணு வேணும். ஒரு சென்டிமீட்டர் துணி, உள்ளயும் ஒரு சென்டிமீட்டரா விழணும்.”

“அப்பா! பெரிய ஆளாயிட்டடி நீ.” ஷாரோன் அலமாரியைக் குடைந்து இரண்டு லென்ஸை மேஜைமேல் வைத்தாள். “ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணுதான். இது அம்பது, கையடக்கம், புதுசு. அது நூறு, எங்க மாமா காலத்துது. ஆட்டோஃபோகஸ் செத்துப்போச்சு, முன்கண்ணாடில கீறல் வேற. அம்பத எடுத்துக்கோ.”

யாராக இருந்தாலும் புதியதைத்தான் எடுத்திருப்பார்கள். ஜெயப்ரியா இரண்டுக்கும் கிட்ட வரும் தூரத்தைப் பார்த்தாள். ஐம்பதுக்கு 0.2 மீட்டர். நூறுக்கு 0.3.

“அம்பது இன்னும் கிட்ட வருதே, அப்பறம் இன்னா யோசன?” என்றாள் ஷாரோன்.

“இந்த தூரம் லென்ஸ் மூக்குலேர்ந்து அளக்கறது இல்ல டி, கேமராக்குள்ள இருக்கற சென்சார்லேர்ந்து. இருபது சென்டிமீட்டர்ல கேமரா ஒடம்பும் லென்ஸும் போனா துணிக்கும் மூக்குக்கும் நடுவுல நாலு விரல் கூட மிச்சம் இல்ல. லென்ஸோட நெழலே துணி மேல விழும். நூறுன்னா அரை சாணுக்கு மேல எடம் கெடைக்கும். வெளிச்சம் உள்ள போவும், நாடாவும் இடிக்காது.”

“கீறல்?”

“கீறல் படத்துல விழாது. ஃபோகஸ் நானே திருப்பிக்கறேன். நெய்ஞ்ச துணி எங்கயும் ஓடிடாது.”

ஷாரோன் கையெடுத்துக் கும்பிட்டாள். “எடுத்துக்கினு போ தாயே. ஆறு மணிக்கு எனக்கு திருப்புட்குழியில ஒரு நிச்சயதார்த்தம் இருக்குது, மோதிரம் எடுக்க அது வேணும். அஞ்சரைக்கு இங்க இருக்கணும், சொல்லிட்டேன்.”

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. சாப்பிடக் கூப்பிட்ட மஹாலட்சுமிக்குப் பதில் சொல்லக்கூட அவளுக்கு நேரமில்லை. கேமராவை முக்காலியில் ஏற்றினாள், லேப்டாப்போடு கேபிளால் இணைத்தாள். கீறல் விழுந்த பழைய லென்ஸை சபாபதி கையில் வாங்கிப் பார்த்தார். கை தன்னால் மேலும் கீழும் ஆடிற்று.

“அறுநூறு கிராம் கூட இருக்காது போல” என்றார் சந்தேகமாக.

“மாமா, தராச எடுக்காதீங்க” என்றாள் ஜெயப்ரியா. மஹாலட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

முதல் பார்வையிலேயே படம் வந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. லென்ஸின் கண்ணை முழுக்கத் திறந்து வைத்தால் ஒரு நூல் தெளிவு, அடுத்த நூல் புகை. கிட்டப் போகப் போக, தெளிவாக இருக்கும் ஆழம் தலைமுடி கனத்துக்கு வந்துவிடும். கண்ணைச் சுருக்கி எட்டில் வைத்தாள். எல்லா நூலும் தெளிந்தன, ஆனால் படம் இருண்டது. கதிர்வேல் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைத் தூக்கிக் கூரையிலிருந்த கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தைத் துணிமேல் திருப்பினான். அன்று ஏனோ அட்டை அடிக்கடி சரிந்தது.

“நேரா புடிங்க” என்று இரண்டு தரம் சொன்னாள். பெரியவர்கள் எதிரில் புருஷனை ‘வாங்க போங்க’ என்றுதான் பேசுவாள்.

அடுத்தது ஆட்டம். சபாபதி மிதியை மிதித்தால் தறி ஆடியது, தறி ஆடினால் தரை, தரை ஆடினால் முக்காலி. வெறும் கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் திரையில் பூகம்பமாக இருந்தது.

“மாமா, ஒரு நூல் போடுங்க, நிறுத்துங்க. நான் பத்து எண்ணற வரைக்கும் அசையாதீங்க. அப்பறம் அடுத்த நூல்.”

“பத்து எண்ணற வரைக்கும் மூச்சு வுடலாமா?”

“வுடலாம். மெதுவா வுடுங்க.”

முப்பத்தைந்து வருஷமாகத் தன் இஷ்டத்துக்குத் தறி ஓட்டிய மனிதர், சின்ன மருமகள் எண்ணுவதற்காகக் காலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். எனக்கு அதைச் சொல்லும்போதே மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

நாலு மணி. அம்சவேணி அம்மாள் ஒரு நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியும் இறுகிய உதடுமாகத் திரையில் தெரிந்தார்.

“காட்டுங்க.”

ஜெயப்ரியா கேமராவுக்கு மாற்றினாள். இரண்டு விரல் அகலத் துணி திரை முழுவதும் நிறைந்தது. மஞ்சள் நூல் ஒவ்வொன்றும் தாம்புக்கயிறு கனத்துக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் அரக்கு. சபாபதி உடல் நாடாவை ஓட்டினார். மஞ்சள் நூல் கரை ஓரம் வந்து நின்றது. மஹாலட்சுமி கரை நாடாவைத் தள்ளினாள். அரக்கு நூல் வந்து மஞ்சளைக் கோத்துக்கொண்டு திரும்பிற்று. ஒரு பல். ஜெயப்ரியா பத்து எண்ணினாள். அடுத்த நூல், அடுத்த பல்.

எட்டு நூல் போட்டு முடிக்கும்வரை கோயம்புத்தூரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

“அம்மா, இருக்கறீங்களா?”

“இருக்கேன் அம்மணி.” குரல் இறங்கியிருந்தது. “எத்தனை சேலை கட்டியிருக்கேன், இதை இத்தனை கிட்ட ஒரு நாளும் பாத்ததில்லை. அந்தம்மா கை எத்தனை அழகாப் போகுது.”

மஹாலட்சுமியின் முகம் சிவந்துவிட்டது. சபாபதி மீசையைத் தடவிக்கொண்டார். ஜெயித்தாயிற்று என்று ஜெயப்ரியா மூச்சு விட்டாள்.

“ஆனா எஞ் சேலையில இது இல்லையே” என்றார் அம்சவேணி அம்மாள்.

இந்த முறை அவர் குரலில் சண்டை இல்லை. வகுப்பில் கணக்கு வராத பிள்ளை மாதிரி, நிஜமாகவே புரியாமல் கேட்டார். அதுதான் ஜெயப்ரியாவைச் சுருக்கென்று தைத்தது. காலையிலிருந்து தன் கோர்வையைக் காட்ட ஊரெல்லாம் ஓடினாளே, அந்த அம்மாளின் சேலையை ஒழுங்காகக் காட்டுங்கள் என்று ஒரு தரமாவது கேட்டாளா? அவர் அனுப்பிய இரண்டு போட்டோவும் வெறும் கலங்கல். ‘கலங்கின படத்த அனுப்பி கதை விடறாங்க’ என்று சபாபதி தள்ளிவிட்டார், அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

“அம்மா, துணிக்கு எவ்ளோ கிட்ட போன் வெச்சு எடுத்தீங்க?”

“ஒட்டி வெச்சுத்தான் எடுத்தேன். கிட்ட வெச்சாத்தானே தெரியும்?”

“போனுக்கும் கிட்ட வர ஒரு கணக்கு இருக்குதும்மா. ஜன்னலாண்ட போங்க. சேலைய தரைல விரிங்க. போனை ஒரு சாண் மேல தூக்குங்க. இப்ப ரெண்டு மடங்கு ஜூம் வைங்க. மஞ்சளும் அரக்கும் சேர்ற எடத்த திரையில விரலால தொடுங்க. மூச்ச புடிச்சுக்கினு எடுங்க.”

ஐந்து நிமிஷத்தில் படம் வந்தது. ஜெயப்ரியா அதை லேப்டாப் திரையில் பெரிதாக்கினாள்.

பல்வரிசை இல்லை. மஞ்சள் நூல் கரை ஓரத்தில் நிற்கவே இல்லை, நேராக அரக்குக்குள் நுழைந்து கடைசி விளிம்பு வரைக்கும் ஓடியிருந்தது. ஒரே நாடாவில் ஓட்டிய துணி.

ஜெயப்ரியாவின் கை தன்னால் மைக்கை அணைத்தது. சபாபதி மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

“இது நம்ம தறியில நெய்ஞ்சது இல்ல.”

“ஐயோ கடவுளே” என்றாள் மஹாலட்சுமி.

“கட் பண்ணு” என்றார் சபாபதி. முகம் வெளுத்துவிட்டது. “லைன் போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். கூரியர்ல மாத்திட்டாங்கன்னு அப்பறமா பேசிக்கலாம்.”

“மாட்டேன் மாமா.”

“ஜெயா!”

“கோர்வைக்கு கேரண்டின்னு சொன்னது கூரியர்காரன் இல்ல, நான்.” மைக்கைத் திறந்தாள். “அம்மா, நீங்க சொன்னதுதான் சரி. உங்ககிட்ட இருக்கறது கோர்வை இல்ல. அது எங்க தறில நெய்ஞ்சதும் இல்ல. எங்க பெட்டியில எப்டி வந்துதுன்னு எனக்கு இன்னும் தெரியல, கண்டுபுடிச்சு உங்ககிட்ட சொல்றேன். தப்பு எங்களுது. மன்னிச்சுக்கோங்க.”

“சாக்குச் சொல்லுவீங்கன்னுதான் நெனச்சு உக்காந்திருந்தேன் அம்மணி” என்றார் அம்சவேணி அம்மாள். “சரி, இப்ப எம் பொண்ணுக்குச் சேலை?”

ஜெயப்ரியா திரும்பினாள். தறியில் இருப்பதைத் தருகிறேன் என்று சொல்ல அவளுக்கு அதிகாரம் இல்லை. சபாபதி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஒரு அடி முன்னால் வந்தார்.

“அம்மா, நான் பெரியவன் சபாபதி பேசறேன். இப்ப பாத்தீங்களே, இதே தறில இருக்கறது, இது உங்க பொண்ணுக்குதான். எட்டு நாள்ல எறக்கி நானே கையில எடுத்துக்கினு கோயம்புத்தூர் வரேன்.”

“வாங்க. வந்தா சாப்பிட்டுத்தான் போகோணும். குரூப்புல நான் எழுதத்தான் போறேனுங்க. நடந்ததை நடந்தபடியே எழுதறேன். உங்க வீட்டுப் பொண்ணு சொன்னதையும் சேத்து.”

திரை அணைந்தது. மஹாலட்சுமி ஓடிவந்து ஜெயப்ரியாவைக் கட்டிக்கொண்டாள். சபாபதி ஒன்றும் பேசாமல் அவள் தலையில் கையை வைத்து எடுத்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கொடுத்த வார்த்தை நிலைத்துவிட்டது!

கதிர்வேல் மட்டும் தெர்மாகோல் அட்டையைக் கீழே வைக்காமலே நின்றான்.

இந்த வீட்டில் படம் எடுப்பதும் பேசுவதும் ஜெயப்ரியா. பெட்டி கட்டுவது கதிர்வேல். அவளுக்கு அது அந்த நொடியில்தான் உறைத்தது.

“இன்னாங்க, அந்த சேலை எங்க?”

அவன் அண்ணனைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். வேறு வழி இல்லை.

“தாமல்ல இருக்குது.”

தாமல் ஜெயப்ரியா பிறந்த ஊர். சாதி விட்டுச் சாதியில் கட்டிக்கொண்டாள் என்று அப்பா அர்ஜுனன் அவளைத் தலைமுழுகி நாலு வருஷம் ஆகிறது. அன்றைக்கு சமாதானம் பேசப் போன சபாபதியையும் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு அந்த ஊர்ப் பேரை இந்த வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

“இளவரசிக்கு வர்ற ஞாயித்துக்கெழம கல்யாணம்” என்றான் கதிர்வேல்.

“என் தங்கச்சிக்கா?” ஜெயப்ரியா அப்படியே தறிக்கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். “எனக்கு... எனக்கு ஒருத்தர் கூட சொல்லலயே.”

“உங்கம்மா பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னாங்க. ‘பெரியவ கையால ஒரு சேலை வந்தா என் மனசு ஆறும்பா, அவங்கப்பாவுக்குத் தெரியாம கட்ட வைக்கறேன்’னு அழுதாங்க. அண்ணங்கிட்ட கேட்டா குடுக்க மாட்டாரு. அடுத்த சேலை எறங்கறதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிடும். அதான் அந்த ரெண்டாவது சேலைய எடுத்து உன் பேர சொல்லி குடுத்துட்டேன். கோயம்புத்தூர் பெட்டியில கடையில வாங்கின ஒண்ண வெச்சேன். அவ்ளோ தூரத்துல யாருக்கு தெரியப்போவுதுன்னு நினச்சேன் ஜெயா. உனக்காகதான்.”

அம்மா கேட்டாளாம். நாலு வருஷத்தில் முதல் தரமாக அம்மா அவள் பேரைச் சொல்லி ஒன்று கேட்டிருக்கிறாள். ஜெயப்ரியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதற்கு மேலே கோபம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“கதிர்.”

பெரியவர்கள் எதிரில் அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“ஊர் ஜனம் என்கிட்ட நம்பி இருக்கறது என் வார்த்தை ஒண்ணத்தான். அத எடுத்து என் தங்கச்சிக்கு சீர் செஞ்சுட்டு வந்திருக்க. உனக்காகன்னு சொல்ற. என்ன ஒரு வார்த்தை கேட்டியா?”

சபாபதி எப்போதும் தம்பிக்காகப் பேசிவிடுவார். இன்று வாயைத் திறக்கவில்லை.

ஜெயப்ரியா லென்ஸைக் கழற்றி மூடி போட்டாள், பைக்குள் வைத்தாள். ஷாரோனிடம் கொடுக்க இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.

“ஞாயித்துக்கெழம நான் தாமலுக்குப் போறேன் மாமா. என் பேர சொல்லிப் போன சேலை அது. திருட்டுத்தனமா போய் சேரக் கூடாது. பந்தல்ல நின்னு, இது நான் குடுத்ததுன்னு எங்கப்பா எதுக்க சொல்லிட்டு வரேன்.” புருஷன் பக்கம் திரும்பினாள். “நீயும் வர. அந்த சேலை எப்டி வந்துதுன்னு அவருகிட்ட நீதான் சொல்லணும்.”

கதிர்வேல் அப்போதுதான் அந்த அட்டையைக் கீழே வைத்தான். அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு செவிலிமேடு பக்கம் போனாள்.